விழுந்த இடமும் இடறிய இடமும்

துன்பம் ஒருவனுக்கு நேர்ந்தால் அதன் காரணமும் அவனிடத்திலேயே இருந்தாகவேண்டும் என்று கருதுவது மனித சுபாவத்தில் வெகு ஆழமாக ஊறிப்போன வழக்கம். பிள்ளை இல்லாதவளைக் கண்டால் போன பிறவியில் எந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டாளோ என்பதும், வியாபாரத்தில் நொடித்தவனைக் கண்டால் யார் குடியைக் கெடுத்தானோ என்பதும், கேட்பவருக்கு ஞானவாக்குப் போலவும் சொல்பவருக்குத் தர்மவிசாரணை போலவும் தோன்றுகின்றனவே தவிர, சாஸ்திர ரீதியில் நிற்கக்கூடிய அனுமானங்கள்தாமா இவை என்று ஒரு கணம் நின்று யோசிப்பவர் அதிகம் இல்லை. காரியம் உண்டென்றால் காரணமும் உண்டு என்பது ஒரு கொள்கை. காரியம் எங்கே தலைகாட்டிற்றோ அங்கேதான் காரணமும் கிடக்கிறது என்பது முற்றிலும் வேறொரு கொள்கை. முன்னதை ஒப்புக்கொண்டவர் பின்னதையும் ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதற்காக, கோயிலுக்கும் மடத்துக்கும் வெகுதூரத்தில் உள்ள ஒரு வியவகாரத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழியிலிருந்து, 'சி' மொழியில் எழுதிக் கம்பைல் செய்த நிரல் ஒன்றை அழைக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த வேலை முழுவதும் திடீரென்று உயிரை விட்டுவிடுகிற சந்தர்ப்பமே அது.

இதைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே ஆத்மா இல்லை, முற்பிறவி இல்லை, புண்ணிய பாவமும் இல்லை. காரணத்திலிருந்து காரியம் பிறப்பது மட்டும் இம்மியும் பிசகாமல் நடந்துகொண்டிருக்கிறது. கர்ம நியதியின் கண்டிப்பு மாத்திரம் எஞ்சி அதன் நீதி நீங்கிவிட்டால் உலகம் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது.

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் 'எஸ்' என்றொரு மொழியைத் தொடங்கினார்கள். அதன் அடியொற்றி, நியூஸீலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உண்டாக்கியதே ஆர், அதன் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி வெளிவந்தது. மருத்துவப் பரிசோதனை, பயிர் ஆராய்ச்சி, பொருளாதாரம் என்று எண்களை வைத்துக்கொண்டு உண்மை தேடும் துறைகளில் எல்லாம் இன்று இம்மொழி புழங்குகிறது. அது சாதுவான மொழி. நான்கு எண்கள் அடங்கிய ஒரு வெக்டரில் ஐந்தாவதைக் கேட்டால், 'இல்லை' என்பதற்கு அடையாளமாக ஒரு குறியைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஐந்தாவது இடத்தில் ஒன்றை எழுதச் சொன்னால், வெக்டரையே ஐந்தாக நீட்டிக்கொண்டு எழுதிவைக்கும். இந்தச் சாதுத்தனத்துக்கு விலை உண்டு, அது வேகம். லக்ஷக்கணக்கான தடவை சுற்றவேண்டிய கணக்கு வந்துவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, 'டாட் கால்' என்னும் வாயில் வழியாக ஆரிலிருந்து அழைப்பார்கள். சி மொழிக்குச் சாதுத்தனம் கிடையாது. ஐந்தாவது இடத்தில் எழுது என்று சொன்னால், அந்த இடம் யாருடையது என்று விசாரிக்காமல் எழுதிவிடும்.

ஒரு சிறு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். சில வயல்களின் விளைச்சலைத் தனித்தனியே கூட்டிச் சொல்லும் ஒரு ஃபங்ஷனைச் சி மொழியில் ஒருவர் எழுதுகிறார். கூட்டத் தொடங்குமுன் வயலுக்கு ஓர் இடமாக எல்லாவற்றிலும் பூஜ்யத்தை எழுதிவைப்பது வழக்கம். ஆர் ஒன்றிலிருந்து எண்ணுகிறது, சி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. எனவே நான்கு வயல்கள் என்றால் சி மொழியில் பூஜ்யம் முதல் மூன்று வரை சென்று நிற்கவேண்டும். ஆரிலேயே பழகிய கையோ, 'நான்கைவிடச் சிறியதாக இருக்கும்வரை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'நான்கைவிடச் சிறியதாகவோ நான்குக்குச் சமமாகவோ இருக்கும்வரை' என்று எழுதிவிடுகிறது. விளைவு, ஐந்து இடங்களில் பூஜ்யம் எழுதப்படுகிறது. சொந்தமான நான்கிலும் பிறகு சரியான கூட்டுத்தொகை ஏறிவிடுகிறது. ஃபங்ஷன் பிசகில்லாத விடையைக் கொடுத்துவிட்டு நல்லபடியாகத் திரும்பிவிடுகிறது. ஐந்தாவது பூஜ்யம் மட்டும் அண்டை வீட்டில் கிடக்கிறது.

அண்டை வீடு எது? ஆர் தன் சிறிய வெக்டர்களை அளவுவாரியாக வரிசைப்படுத்தி, 8, 16, 32, 64, 128 பைட் போன்ற சில குறிப்பிட்ட அளவு அறைகளில் குடிவைக்கிறது. ஓர் எண்ணுக்கு 8 பைட் வேண்டும்; ஆகவே நான்கு எண்கள் 32 பைட் அறையை விளிம்புவரை நிறைத்துவிடுகின்றன. அதற்கு அடுத்த 8 பைட், அடுத்த அறையில் குடியிருக்கும் பொருளின் தலைப்புப் பகுதி. அப்பொருள் எந்த இனம், அது இன்னும் வேண்டப்படுகிறதா, எத்தனை பேர் அதைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற அடையாளங்கள் எல்லாம் அந்த 8 பைட்டுக்குள்தான் பொறித்திருக்கின்றன. எண் வெக்டர் என்றால் 14 என்பது இனக்குறி. பூஜ்யம் என்றால் 'ஒன்றுமில்லாதது' என்ற இனம். நம் நிரலாளரின் ஐந்தாவது பூஜ்யம் அங்கே விழுந்தவுடன், உள்ளே சரக்கெல்லாம் அப்படியே இருக்க, அண்டைப் பொருள் ஒரே வீச்சில் ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. அதற்கு அது தெரியாது, யாருக்கும் தெரியாது.

மூன்று வயல் உள்ளவரின் கதி என்ன என்று இங்கே கேட்கவேண்டும். மூன்று எண்களுக்கு 24 பைட் போதும். ஆனால் 24 பைட் அறை என்று ஒன்று இல்லாததால் 32 பைட் அறையே கிடைக்கிறது. அத்துமீறிய பூஜ்யம், தனக்கே ஒதுக்கப்பட்டுக் காலியாகக் கிடந்த மூலையில் விழுந்து யாரையும் தொடாமல் போகிறது. ஐந்து வயலுக்கும் இப்படியே, ஏழுக்கும் இப்படியே; நான்கு, எட்டு என்று அறையை விளிம்புவரை நிறைக்கிறவர்களுக்கு மட்டுமே ஆபத்து. பிழை ஒன்றே, செய்தவர் ஒருவரே, எழுத்தும் மாறவில்லை. இவர்களில் ஒற்றைப்படைக்காரர்கள் தப்புகிறார்கள், இரட்டைப்படைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒற்றைப்படை மங்களகரம் என்று நூற்றொன்றாக மொய் எழுதுகிற நம்மவர் யாராவது இதைக் கவனித்திருந்தால், தம் நம்பிக்கைக்கு யந்திரமே பிரத்தியக்ஷமாகச் சாட்சி சொல்லிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார். அவர் கண்டது பொய்யும் ஆகாது. மூடநம்பிக்கைகளில் பல, இப்படி மெய்யாகவே கண்ட ஒன்றிலிருந்து எட்டாத காரணத்துக்குத் தாவியதால் பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

இனிப் பலன் விளையும் விதத்தைப் பார்க்கலாம். ஆர் தன் நினைவகத்தை அவ்வப்போது பெருக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது. அதற்கென்று உள்ள 'கார்பேஜ் கலெக்டர்', இடம் தேவைப்படும்போது எழுந்து, ஒவ்வொரு பொருளாகத் தொடர்ந்து சென்று, யாருக்கும் வேண்டாதவற்றை அப்புறப்படுத்துகிறது. நம் அண்டைப் பொருள் நான்கு உறுப்புக்கள் கொண்ட ஒரு பட்டியலாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கலெக்டர் வந்து அதன் தலைப்பைப் பார்க்கிறது. ஒன்றுமில்லாததற்கு உறுப்புக்கள் ஏது? உள்ளே பாராமலே போய்விடுகிறது. பட்டியலின் உறுப்புக்களைத் தேடுவார் இல்லாததால் அவை குப்பையோடு குப்பையாகப் போய்விடக்கூடும். அவற்றின் இடத்தில் வேறு பொருள்கள் வந்து குடியேறிவிடக்கூடும். பிறகு எப்போதோ, வயலுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு வரி, அந்த உறுப்புக்களில் ஒன்றை நம்பிக் கைநீட்டுகிறது; அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்துபோகிறது. திரையில் செக்ஃபால்ட் பிடிபட்டது என்ற அறிவிப்பும், இன்ன முகவரி நினைவகத்தில் இல்லை என்ற காரணமும் தோன்றி, அதன்கீழே நான்கு வழிகள் கொடுக்கப்படுகின்றன: உடனே மடிவதா, முறைப்படி விடைபெற்றுச் செல்வதா, வேலையைச் சேமிக்காமல் செல்வதா, சேமித்துவிட்டுச் செல்வதா. எந்த வழியை எடுத்தாலும் போகத்தான் வேண்டும் என்பதை அந்தப் பட்டியல் மிக மரியாதையாகத் தெரிவித்துவிடுகிறது.

அத்துடன் வரும் சாட்சிப்பட்டியலில் யார் பெயர் இருக்கும்? விழுந்த சமயத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷனின் பெயர் இருக்கும். பல தடவை, சுத்தம் செய்யப்போய் இடறி விழுந்த கலெக்டரின் பெயரே இருக்கும். புதிதாக வந்தவர்கள், ஆரின் கார்பேஜ் கலெக்டரில் கோளாறு என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். பிறர் போட்ட குப்பையை அள்ளுகிறவன்மேலேயே குப்பை நாற்றம் என்ற பழியும் வந்து விழுவது யந்திரத்துக்குள் மட்டும் நடப்பதன்று. பிறவியிலேயே ஒரு தொழில் ஒருவன் தலையில் கட்டப்பட்டதற்கு அவனுடைய முன்வினையே காரணம் என்று சொல்லி, கட்டிய கையை மறைத்த சரித்திரம் இந்த நாட்டுக்கு உண்டு.

செயலுக்கும் பலனுக்கும் இடையே கிடக்கும் இந்தத் தூரம் நம் முன்னோருக்குப் புதிதன்று. மீமாம்சகர்கள் மிகக் கூர்மையாக இக்கேள்வியை எழுப்பினார்கள். யாகம் இன்றைக்கு நடந்து இன்றைக்கே முடிந்துவிடுகிறது. அதன் பலனாகிய சுவர்க்கமோ யஜமானன் இறந்தபிறகு கிடைப்பது. அழிந்துபோன செயல் எப்படிப் பலன் கொடுக்கும்? இடையில் அதைச் சுமந்துகொண்டிருந்தது எது? இதற்கு விடையாக அவர்கள் 'அபூர்வம்' என்ற ஒன்றை, கண்ணால் காணப்படாததாயினும் காரியத்தைக் கொண்டு அனுமானித்தே தீரவேண்டிய ஒரு சக்தியை, அங்கீகரித்தார்கள். நியாய வைசேஷிகர்கள் அந்தக் காணாப்பொருளை ஆத்மாவில் ஒட்டிநிற்கும் ஒரு குணமாகக் கொண்டார்கள். அது ஜடமாதலால் தானே பலனைக் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டாது, அறிவுள்ள ஒருவன் மேற்பார்வை வேண்டும் என்று 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த உதயனர் தம் நியாயகுசுமாஞ்சலியில் வாதித்து, அதையே ஈசுவர சித்திக்கு ஓர் ஏதுவாகவும் ஆக்கினார். நம் சைவ சித்தாந்திகள் கொண்டதும் இதையொத்த நிலையே: வினை அறிவற்றது, தன்னைச் செய்தவன் இன்னான் என்று அதற்குத் தெரியாது, செய்தவனை அடையாளம் கண்டு ஊட்டுவிப்பவன் இறைவன்.

இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில் ஓர் அச்சம் இருந்தது. செய்தவன் பலனை இழந்துபோவது கிருதஹானி. செய்யாதவன்மேல் பலன் வந்து விழுவது அகிருதாப்யாகமம். எந்தக் கொள்கையை ஏற்றால் இவ்விரண்டு தோஷங்களும் வந்துசேருமோ அந்தக் கொள்கை நிற்காது என்பது அக்காலத்துத் தர்க்கசபைகளில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல். எல்லாம் கணந்தோறும் அழிகின்றன என்ற பௌத்தர்களை இந்த அளவுகோலை வைத்தே மறுத்தார்கள்: செய்த கணம் வேறு, அனுபவிக்கும் கணம் வேறு என்றால், ஒருவன் செய்ய மற்றொருவன் அனுபவிப்பதாகுமே என்றார்கள். இத்தனை ஜாக்கிரதையாக அந்தப் பெரியவர்கள் விலக்கிவைத்த அந்த இரண்டு தோஷங்களும் ஒரு சேரக் குடியிருக்கும் உலகம் ஒன்று உண்டென்றால் அது நம் யந்திரத்தின் நினைவகம். ஐந்தாவது பூஜ்யத்தை எழுதிய ஃபங்ஷன் ஒன்றும் அனுபவிக்கவில்லை. அனுபவித்த வரி ஒன்றும் செய்யவில்லை. அபூர்வம் மட்டும் அங்கே காணாப்பொருளாக இல்லை. அண்டைப் பொருளின் தலையில் விழுந்த அந்த 8 பைட், செயல் முடிந்தபின்னும் பலன் விளையும்வரை அசையாமல், விரும்பினால் எடுத்துப் படித்துப் பார்க்கும்படியாகவே அங்கே கிடக்கிறது.

யந்திரத்தில் ஆத்மா இல்லாததால்தான் இப்படி ஆயிற்று, கர்மக் கொள்கையோ ஒரே ஆத்மா தொடர்ந்து வருவதை வைத்துப் பேசுவது, ஆகையால் இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று யாரேனும் ஆக்ஷேபிக்கலாம். ஆக்ஷேபணை நியாயமானதே. நான் சொல்லவந்ததும் அதற்கு விரோதமானது அன்று. கர்மக் கொள்கை பிழை என்று நான் சொல்லவில்லை. காரண காரியம் தவறாது என்பதிலிருந்து மட்டும் அது பிறந்துவிடாது என்கிறேன். செய்தவனே அனுபவிப்பான் என்று சொல்வதற்கு மேலும் இரண்டு வேண்டும்: மாறாமல் தொடரும் ஓர் உயிர், எந்த வினை எவனுடையது என்று தவறாமல் அறிந்த ஒரு முற்றறிவாளன். இவ்விரண்டையும் ஏற்றவருக்குக் கொள்கை நன்றாகவே நிற்கிறது. ஆனால் அப்படி ஏற்ற அந்தக் கணத்திலேயே, இன்ன துன்பம் இன்ன வினையினுடையது என்று சொல்லும் அதிகாரம் அந்த முற்றறிவாளனுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரியின் மலட்டுத்தன்மைக்கு முன்வினை சொல்கிறவர், கொள்கையை நம்புகிறவராகத் தம்மைக் கருதிக்கொள்கிறாரே தவிர, உண்மையில் அதன் கர்த்தாவின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

கிறிஸ்தவ வேதத்திலும் இதே கேள்வி வருகிறது. பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இவன் இப்படிப் பிறந்ததற்குப் பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்று அவர் மறுத்துவிடுகிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதைக் குறிப்பிடும்போதும், எருசலேமில் உள்ள மற்றெல்லாரையும்விட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்றே எச்சரிக்கிறார். கோபுரம் விழுந்ததற்குக் காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தக் காரணத்தை மாண்டவர்களிடத்தில் தேடாதே என்பதே அவர் சொன்னது.

நம்முடைய சிலப்பதிகாரத்தில் இவ்விஷயம் இன்னும் நுட்பமாக நடக்கிறது. கோவலன் செய்யாத களவுக்காக மதுரையில் வெட்டுண்டான். ஏன் என்பதற்குக் காவியம் இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. ஒன்று பக்கத்தில் உள்ளது: பொற்கொல்லன் பொய், விசாரியாத அரசன். மற்றொன்று தூரத்தில் உள்ளது: முற்பிறப்பில் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு இருந்த இவன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், அவன் மனைவி நீலியின் சாபம் தொடர்ந்தது. இந்த இரண்டாம் விடை யார் வாயிலிருந்து, எப்போது வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். மதுரையின் தெய்வமாகிய மதுராபதி அதைச் சொல்கிறாள். அரசன் இறந்து, அரசி இறந்து, ஊரும் எரிந்தபிறகு, கோவலன் மனைவி கண்ணகியிடம் மட்டும் சொல்கிறாள். சிலம்பு உடைந்து மணி தெறித்த சபையில் பாண்டியன், 'எல்லாம் அவன் விதி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கதையின்படி அது பொய்யாகவும் இராது. பாண்டியன் உயிரும் தப்பியிருக்கக்கூடும். அவன் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் தன் ஆசனத்தில் நடந்தது என்று கண்டான், அங்கேயே விழுந்தான். தூரத்துக் காரணம் மெய்யாகவே இருந்தபோதிலும் பக்கத்துக் காரணத்துக்கு அது விடுதலைப் பத்திரம் ஆகாது என்பதை இவ்வளவு அழுத்தமாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

மதுராபதிக்கு இருந்த முற்பிறவி ஞானம் நிரலாளருக்கும் ஒருவகையில் வாய்த்திருக்கிறது. 'ஜிடிபி' என்னும் டீபக்கரின்கீழ் ஆரை ஓட்டினால், நிரல் ஒவ்வொரு முறை பிறக்கும்போதும் முகவரிகள் இடம் மாறாதபடி அது நிறுத்திவைக்கிறது. முதல் பிறவியில் எந்த முகவரியில் கேடு கண்டதோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த பிறவியில் அந்த முகவரிக்கு ஒரு காவலை வைத்தால், யார் அங்கே எழுதுகிறார்களோ அவர்கள் எழுதும் அந்தக் கணத்திலேயே யந்திரம் நின்றுவிடும். ஐந்தாவது பூஜ்யம் கையும் களவுமாக அகப்படும். மொசில்லாவில் தோன்றிய 'ஆர்ஆர்' என்ற கருவியோ இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரே பிறவியை முழுதும் பதிந்துவைத்துக்கொண்டு, விழுந்த கணத்திலிருந்து பின்னோக்கி நடத்திச் செல்கிறது. முற்பிறவியை நினைவுகூரும் ஜாதிஸ்மரணம் என்று ஜைனரும் பௌத்தரும் போற்றியதற்கு இதைவிட அருகில் மனிதன் வந்ததில்லை. 'வால்கிரிண்ட்' என்று ஒரு காவலாளும் உண்டு; நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருப்பதால், அதன் மேற்பார்வையில் நிரல் பத்து மடங்கு முதல் முப்பது மடங்குவரை மெதுவாக ஓடும். ஆனால் ஆர் பெரிய நிலப்பரப்பாக வாங்கித் தானே அறை பிரித்துக் கொடுப்பதால், வெளிவாசலில் நிற்கும் அந்தக் காவலாளுக்கு உள்ளே அறைக்கு அறை நடக்கும் அத்துமீறல் தெரியாது. அதற்கென்றே விசேஷமாகக் கம்பைல் செய்த ஆரைக் கொடுத்தால்தான் தெரியும்.

எனக்கு இவற்றில் மிகவும் வியப்பளிப்பது 'ஜிசி டார்ச்சர்'. சாதாரணமாக எப்போதாவது எழும் கார்பேஜ் கலெக்டரை, இடம் கேட்கும் ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் எழுந்து வரும்படி செய்வது அது. வேலை நகராது, ஆனால் பிழை எங்கே செய்யப்பட்டதோ அதற்கு வெகு சமீபத்திலேயே பலன் வந்து விடியும். செயலுக்கும் பலனுக்கும் இடையிலுள்ள காலத்தைச் சுருக்கித் தா, தண்டனை இப்போதே வரட்டும், ஏன் வந்தது என்பதாவது தெரியட்டும் என்று வலிய வேண்டிக்கொள்வதே அதன் தாத்பரியம். பிராரப்தம் எல்லாம் இந்த உடலிலேயே கழிந்துவிடட்டும் என்று வேண்டிய பக்தர்களின் மனோபாவத்தை நான் வெகுநாள் உடல்வருத்தத்தின் மேல் உள்ள விபரீத ஆசை என்றே எண்ணியிருந்தேன்; தெளிவின்மேல் உள்ள ஆசையாகவும் அது இருக்கக்கூடும் என்று இப்போது படுகிறது.

இத்தனை கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பிறவியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மீண்டும் நடத்திப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்துகொண்டு, தேர்ந்த நிரலாளர் ஒருவர் விழுந்த வரியைப் பார்த்தவுடன் குற்றவாளி இதுதான் என்று சொல்வதில்லை. விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடக்கிறார். எழுதினவன் அகப்படும்வரை எவன் பெயரையும் சொல்லாமல் நிறுத்திவைக்கிறார். மனித வாழ்வு ஒரே தடவை நடப்பது, பதிவில்லாதது, பின்னோக்கி ஓட்டமுடியாதது. இதில்தான் நாம் கண்ட மாத்திரத்தில் முன்வினையைப் படித்துச் சொல்லிவிடுகிறோம்.

விழுவதையே பெருங்கேடாகப் பேசிவந்தேன். அது முழு உண்மை ஆகாது. சி மொழியில் உண்டாக்கிய ஆர் பொருள் ஒன்றை, 'ப்ரொடெக்ட்' என்ற சொல்லால் கலெக்டரின் கையிலிருந்து காத்துக்கொள்ளவேண்டும். அதை மறந்தால் அப்பொருள் அப்புறப்படுத்தப்பட்டு, அந்த இடத்தில் வேறு எண்கள் வந்து உட்கார்ந்துவிடும். பழைய முகவரியைக் கையில் வைத்திருக்கும் ஃபங்ஷன், பிறருடைய எண்களைத் தன்னுடையவை என்றெண்ணிக் கூட்டிச் சராசரி கண்டு கொடுத்துவிடும். அங்கே விழுகை இல்லை, அறிவிப்பு இல்லை, நான்கு வழிகளும் இல்லை. திருத்தமாக அச்சிட்ட ஒரு தப்பான விடை மட்டுமே உண்டு. அருளை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் சைவர்கள் இரண்டாகப் பிரித்து, நோய்தீர அறுத்துச் சுடும் வைத்தியன் கையைப்போல் கடுமையாகத் தோன்றுவதையும் கருணை என்றே கொண்டார்கள். ஒரு மருந்து குணமளிக்கிறதா கேடளிக்கிறதா என்று பார்க்கும் கணக்கு, தப்பான விடையோடு தடையின்றி முடிவதைவிட நடுவழியில் செத்து விழுவது மேல் என்பதை உணர்ந்தவர்களுக்கு, செக்ஃபால்ட்டை அந்த இரண்டாம் வகையில் சேர்ப்பதில் தயக்கம் இராது. இதுவும் பிறர் துன்பத்தைப் பார்த்து நாம் சொல்லிவிடக்கூடிய ஆறுதல் ஆகாது. விழுந்தவர் தாமே சொல்லிக்கொண்டால் சொல்லிக்கொள்ளலாம்.

குற்றம் அகப்பட்டபின் திருத்துவது எளிது. வயல் உதாரணத்தில், சமம் என்பதைக் குறிக்கும் ஒரே ஓர் எழுத்தை அழித்துவிட்டால் போதும். அந்த ஃபங்ஷன் அடங்கிய பேக்கேஜின் புதிய பதிப்பு வெளியாகும். அதனுடன் வரும் மாற்றக் குறிப்பில், நினைவகப் பிழை ஒன்று சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். பழைய பதிப்பில் ஓட்டி, விழாமல் முடிந்து, கட்டுரைகளில் அச்சேறிவிட்ட கணக்குகளில் எவையெவை பழுது என்று அந்த வரி சொல்லாது. எழுதியவருக்கே அது தெரிய வழியில்லை. யார் யார் எத்தனை வயல்களை வைத்துக்கொண்டு, எந்த யந்திரத்தில், எந்த அண்டைவீட்டாரோடு ஓட்டினார்கள் என்று எழுதிவைக்க அங்கே சித்திரகுப்தன் இல்லை. இவ்விஷயத்தில் மனச்சாட்சி உள்ள ஆசிரியர்கள் சிலர், இன்ன பதிப்பிலிருந்து இன்ன பதிப்புவரை இந்தப் பிழை இருந்தது, அவற்றால் கிடைத்த விடைகளை மறுபடி ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் பெயரோடு எழுதிவைக்கிறார்கள். பெரும்பாலோர் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.